டாக்டருக்கு டாக்டர் எழுதும் கடிதம்

(திருவனந்தபுரத்தில் நடைபெற்ற மாதாந்திரக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



வைத்தியக் கடிதங்களைப் பற்றிப் பேச இவர் யார் என்று உங்களில் சிலர் நினைக்கலாம். நியாயமான கேள்விதான். நான் டாக்டர் இல்லை. இந்த ஊர் யூனிவர்சிட்டி காலேஜில் பி.எஸ்ஸி. கெமிஸ்ட்ரி படித்தேன். பிறகு முப்பத்து மூன்று வருஷம் மாநில அரசில் உத்தியோகம். அந்த முப்பத்து மூன்று வருஷமும் நான் செய்த வேலையைச் சுருக்கமாகச் சொன்னால், கடிதம் எழுதினேன், மற்றவர்களைக் கொண்டு எழுத வைத்தேன், மற்றவர்கள் எழுதியதைத் திருத்தினேன். ஓய்வு பெற்ற பிறகு செய்கிற வேலை ஆஸ்பத்திரிக்குப் போவது. எனக்காகக் கொஞ்சம், உறவினர்களுக்குத் துணையாக நிறைய. இந்த இரண்டு அனுபவங்களும் சேர்ந்த இடம்தான் இன்றைய விஷயம்.

திருவனந்தபுரத்தில் வீடு வைத்திருப்பவனுக்கு இரண்டு கடமைகள் உண்டு. வெளியூரிலிருந்து வருகிறவர்களைப் பத்மநாபசுவாமி கோவிலுக்கு அழைத்துப் போக வேண்டும். அடுத்தது, மெடிக்கல் காலேஜுக்கு அழைத்துப் போக வேண்டும். 1951-ல் நேருஜி தொடங்கி வைத்த மெடிக்கல் காலேஜ், 1976-ல் நோயாளிகளைப் பார்க்க ஆரம்பித்து 1980-ல் பார்லிமெண்ட் சட்டத்தால் தேசிய முக்கியத்துவம் பெற்ற ஸ்ரீ சித்திரைத் திருநாள் இன்ஸ்டிட்யூட், 1981-ல் வந்த ரீஜனல் கான்ஸர் சென்டர் ஆகிய மூன்றும் ஒரே வளாகத்தில் இருக்கின்றன. நாகர்கோவில், திருநெல்வேலி, கொல்லம் என்று பல ஊர்களிலிருந்து ஜனங்கள் விடியற்காலையிலேயே வந்து இறங்குகிறார்கள். ஒவ்வொருவர் கையிலும் ஒரு பை. பைக்குள் எக்ஸ்ரே, ஸ்கேன், ரத்தப் பரிசோதனைத் தாள்கள். எல்லாவற்றுக்கும் மேலே ஊர் டாக்டர் கொடுத்த கடிதம்.

அந்தக் கடிதத்தில் என்ன இருக்கிறது? நான் பார்த்த வரை பல கடிதங்களில் ஒரே வாசகம்தான். நோயாளியின் பெயர், வயது, நோயின் பெயர் இரண்டு வார்த்தையில். பிறகு, "ப்ளீஸ் ஸீ அண்ட் டூ தி நீட்ஃபுல்." அதாவது, பார்த்து ஆவன செய்யவும். இந்த வாசகத்தை நான் ஆபீஸ் ஃபைலில் ஆயிரம் தடவை எழுதியிருக்கிறேன். அதன் உண்மையான அர்த்தம் எனக்கு நன்றாகத் தெரியும். இதைப் பற்றி நான் யோசிக்கவில்லை, நீங்கள் யோசியுங்கள் என்பதுதான் அது.

என்னை இந்த விஷயத்தில் யோசிக்க வைத்தது என் அத்திம்பேருக்கு நேர்ந்தது. அதைச் சொல்லிவிட்டு மேலே போகிறேன்.

அத்திம்பேர் நாகர்கோவிலில் கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். கையெழுத்து அச்சடித்த மாதிரி இருக்கும். 2011-ல் அவருக்கு வயது 71. இதயத் துடிப்பு ஒழுங்கில்லாமல் இருந்ததால், ரத்தம் உறைந்து கட்டியாகாமல் இருக்க வார்ஃபரின் என்ற மாத்திரையை நான்கு வருஷமாகச் சாப்பிட்டு வந்தார். ப்ராஸ்டேட் தொந்தரவுக்காக இங்கே ஒரு ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். ஊர் டாக்டர் கொடுத்த கடிதம் நான்கே வரி. மாத்திரையின் பேச்சே அதில் இல்லை. அத்திம்பேரே வாயால் சொன்னார். "ஆபரேஷனுக்கு ஐந்து நாள் முன்னாடி நிறுத்திவிடுங்கள்" என்றார்கள். நிறுத்தினார். ஆபரேஷன் நன்றாகவே நடந்தது.

வீட்டுக்கு அனுப்பும்போது மூன்று பக்கத்துக்கு டிஸ்சார்ஜ் சம்மரி கொடுத்தார்கள். அத்திம்பேர் அதை என்னிடம் நீட்டி, "எல்லாம் சரியா இருக்கா பாருடா, நீதான் ஆபீசர் ஆச்சே" என்றார். நான் மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு வரி வரியாகப் படித்தேன். அவருடைய இனிஷியல் தப்பாக இருந்தது. விடவில்லை. கவுண்ட்டரில் அரை மணி நேரம் நின்று திருத்தி வாங்கி வந்தேன். எனக்குக் கொஞ்சம் பெருமையாகக் கூட இருந்தது.

இருபத்து மூன்றாம் நாள் காலை, நாகர்கோவிலில், அவர் கையிலிருந்த காப்பி டம்ளர் நழுவி விழுந்தது. வாய் கோணி, பேச்சு குழறியது. வலது பக்கம் பூராவும் பக்கவாதம். அங்கே பார்த்த டாக்டர் கேட்ட முதல் கேள்வி, "ரத்தம் உறையாமல் இருக்கும் மாத்திரை சாப்பிடுகிறாரா?" அக்கா சொன்னாள்: "ஆபரேஷனுக்கு முன்னாடி நிறுத்தச் சொன்னா. திரும்பப் போட்டுக்கோன்னு யாரும் சொல்லலையே!"

அந்த மூன்று பக்கத்தை எடுத்து மறுபடி படித்தேன். மாத்திரையை நிறுத்தியது ஓரிடத்தில் இருந்தது. எந்தத் தேதியிலிருந்து மறுபடி சாப்பிடுவது என்று எங்கேயும் இல்லை. ஆபரேஷன் செய்த டாக்டர், அதை ஊர் டாக்டர் பார்த்துக்கொள்வார் என்று நினைத்திருக்கிறார். ஊர் டாக்டர், பெரிய ஆஸ்பத்திரியில் எழுதிக் கொடுத்ததே போதும் என்று நினைத்திருக்கிறார். இருவரும் கெட்டிக்காரர்கள், நல்லவர்கள். இருவருக்கும் நடுவில் ஒரே ஒரு வாக்கியம் விடுபட்டுப் போயிற்று. மாத்திரை சாப்பிட்டிருந்தால் பக்கவாதம் வந்தே இருக்காது என்று யாரும் சத்தியம் செய்ய முடியாது. ஆனால் அது வராமல் தடுக்கத்தான் அந்த மாத்திரையே. இனிஷியலைக் கண்டுபிடித்த எனக்கு இந்தக் குறை கண்ணில் படவில்லை.

அதற்குப் பிறகுதான் இந்தக் கடிதங்களைப் பற்றித் தேடிப் படிக்க ஆரம்பித்தேன்.

முதலில் சட்டம் என்ன சொல்கிறது என்று பார்த்தேன், உத்தியோக வாசனை! இந்திய மெடிக்கல் கவுன்சிலின் 2002-ம் வருஷத்து நன்னடத்தை விதிகளில் இதற்கென்றே ஒரு விதி இருக்கிறது. ஒரு நோயாளியை ஸ்பெஷலிஸ்டிடம் அனுப்பும் டாக்டர், நோயாளியைப் பற்றிய சுருக்கத்தை ஸ்பெஷலிஸ்டுக்குக் கொடுக்க வேண்டும். ஸ்பெஷலிஸ்ட் தன் அபிப்பிராயத்தை எழுத்து மூலம் அந்த டாக்டருக்குத் தெரிவிக்க வேண்டும். போகும்போது ஒரு கடிதம், வரும்போது ஒரு கடிதம். 2023 ஆகஸ்டில் புதிய விதிகள் வந்து, அதே மாதத்தில் நிறுத்தி வைக்கப்பட்டு, 2002 விதிகளே மறுபடி நடைமுறைக்கு வந்தன. ஆகவே இது மரியாதைக்காகச் செய்யும் காரியம் அல்ல, கடமை.

அடுத்து, கடிதத்தில் என்ன இருக்க வேண்டும்? 1983-ல் அமெரிக்காவில் லீ கோல்ட்மன் என்ற டாக்டரும் அவருடைய இரண்டு சகாக்களும் கன்ஸல்டேஷன் பற்றிப் பத்துக் கட்டளைகள் என்று ஒரு கட்டுரை எழுதினார்கள். இன்றும் டாக்டர்கள் அதை எடுத்துச் சொல்கிறார்கள். அதில் முதல் கட்டளையே, கேள்வி என்ன என்பதைத் தெரிந்துகொள் என்பது. எனக்கு இது உடனே புரிந்தது. செக்ரட்டேரியட் ஃபைலிலும் அதேதான். "பரிசீலனைக்கு" என்று மட்டும் எழுதி மேலே அனுப்பினால், மேலதிகாரி இருபது பக்கமும் படித்துவிட்டு, என்ன வேண்டும் என்று கேட்டுத் திருப்பி அனுப்புவார். "இந்தச் செலவை அனுமதிக்கலாமா?" என்று கேட்டால் அன்றே பதில் வரும். கேள்வி தெளிவாக இருந்தால்தான் பதில் தெளிவாக வரும்.

அத்திம்பேருக்காக எழுதியிருக்க வேண்டிய கடிதத்தை, ஒரு டாக்டர் நண்பரை அருகில் வைத்துக்கொண்டு பின்னால் எழுதிப் பார்த்தேன். தமிழில் சொல்கிறேன், கேளுங்கள்:

"71 வயதுள்ள இவரை இரண்டு கேள்விகளுக்கு விடை வேண்டி அனுப்புகிறேன். ஒன்று: ப்ராஸ்டேட் வீக்கத்துக்கு இப்போது ஆபரேஷன் அவசியமா, மாத்திரையிலேயே சமாளிக்கலாமா? இரண்டு: ஆபரேஷன் என்றால் வார்ஃபரினை எப்போது நிறுத்தி, எந்தத் தேதியில் மறுபடி தொடங்குவது? அவசரம் இல்லை; இரண்டு வாரத்துக்குள் பார்த்தால் போதும். ஆறு மாதமாகச் சிறுநீர் கழிப்பதில் சிரமம். இரவில் ஐந்து தடவை எழுந்திருக்கிறார். நான்கு வருஷமாக இதயத் துடிப்பு ஒழுங்கில்லை. அதற்காக வார்ஃபரின் 3 மில்லிகிராம், இரவில். கடைசியாகப் பார்த்த ஐ.என்.ஆர். 2.4. சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் 500 மில்லிகிராம், காலையும் இரவும். பென்சிலின் ஒத்துக்கொள்ளாது, உடம்பு தடித்துவிடும். ஆபரேஷன் தேவைப்படலாம் என்று அவரிடம் சொல்லியிருக்கிறேன். வீடு திரும்பிய பின் ஐ.என்.ஆர். பார்ப்பதும் வார்ஃபரின் அளவைத் திருத்துவதும் என் பொறுப்பு. என் போன் நம்பர் கீழே உள்ளது."

அவ்வளவுதான். அரைப் பக்கம். இதில் கேள்வி முதலில் வருகிறது. எவ்வளவு அவசரம் என்பது அடுத்து. பிறகு சுருக்கமான சரித்திரம், மருந்துகள் அளவோடு, ஒத்துக்கொள்ளாதவை, நோயாளிக்கு என்ன சொல்லப்பட்டிருக்கிறது, பின்னால் யார் எதைப் பார்த்துக்கொள்வது. இப்படி ஒரு கடிதம் போயிருந்தால், பதில் எழுதுகிறவர் அந்த இரண்டாவது கேள்வியைத் தாண்டிப் போயிருக்க முடியாது. அதுதான் எழுதிக் கேட்பதன் பலன்.

பதில் கடிதத்துக்கும் இதே முறைதான். சில பதில்களில் நோயாளியின் பழைய கதை முழுவதும் திரும்ப எழுதப்பட்டிருக்கும். அனுப்பிய டாக்டருக்கு அது ஏற்கெனவே தெரியும். அவர் தேடுவது கடைசிப் பக்கத்தின் அடியில் ஒளிந்திருக்கும். பதில் முதல் வரியில் வர வேண்டும். சொல்வதைத் திட்டமாகச் சொல்ல வேண்டும். "ப்ளட் பிரஷரைக் கட்டுப்படுத்தவும்" என்று எழுதினால் போதாது. எந்த மருந்து, எவ்வளவு, எத்தனை நாள், அது பலிக்காவிட்டால் அடுத்து என்ன என்பதெல்லாம் வேண்டும். கோல்ட்மன் கட்டுரை இன்னொன்றும் சொல்கிறது. முக்கியமான சமாசாரமாக இருந்தால் கடிதத்தோடு நிற்காமல் நேரில் பேசிவிடு என்கிறது. ஒரு நிமிஷ டெலிபோன் பேச்சு பல பக்கங்களுக்குச் சமம். ஆனால் பேசியதை அப்புறம் எழுதியும் வைக்க வேண்டும்.

சுருக்கெழுத்துகளைப் பற்றி ஒரு வார்த்தை. எம்.எஸ். என்று எழுதினால் இதய டாக்டருக்கு அது மைட்ரல் ஸ்டெனோசிஸ். நரம்பு டாக்டருக்கு மல்ட்டிபிள் ஸ்க்ளிரோசிஸ். நமக்கு சுப்புலட்சுமி. (சிரிப்பு.) சிரிக்கும் விஷயம் மட்டுமில்லை. அமெரிக்காவில் ஆஸ்பத்திரிகளுக்கு அங்கீகாரம் கொடுக்கும் ஜாயிண்ட் கமிஷன், 2004-லேயே சில சுருக்கங்களை எழுதக் கூடாது என்று பட்டியல் போட்டது. இன்சுலின் 10 யூனிட் என்பதை எண்ணுக்குப் பக்கத்தில் ஆங்கில எழுத்து "யு" மட்டும் போட்டு எழுதினால், அது ஒரு சைபர் மாதிரி தெரிந்து 100 ஆகிவிடும். ஆகவே யூனிட் என்று முழுசாக எழுத வேண்டும். 1.0 என்று எழுதினால் புள்ளி மங்கி 10 ஆகும். 1 என்று எழுதினால் போதும். வெறும் புள்ளி 5 என்று எழுதினால் 5 ஆகும், 0.5 என்று எழுத வேண்டும். ஒரு புள்ளியில் மருந்து பத்து மடங்கு ஆகிவிடுகிறது. கெமிஸ்ட்ரி லாபரட்டரியில் எங்கள் ப்ரொஃபசர் இதற்காகவே நோட்டைத் தூக்கி எறிவார்.

இனி, டிக்டேஷன். வேலை அதிகமுள்ள டாக்டர்கள் வாயால் சொல்லி எழுத வைக்கிறார்கள். இதில் எனக்கு சொந்த அனுபவம் உண்டு. ஒரு தடவை அவசரமாகக் கிளம்பிக்கொண்டே ஸ்டெனோவிடம் ஒரு நோட்டுச் சொன்னேன். ஒரு குமாஸ்தாவின் விதவைக்குக் குடும்ப பென்ஷன் "நௌ" சிபாரிசு செய்யப்படுகிறது என்றேன். அவர் காதில் "நாட்" என்று விழுந்தது. இப்போது சிபாரிசு என்பது, சிபாரிசு இல்லை என்று ஆகிவிட்டது. நான் படிக்காமல் கையெழுத்துப் போட்டேன். அந்த அம்மாளுக்குப் பணம் கிடைக்க ஏழு மாதம் தாமதமாயிற்று. குற்றம் ஸ்டெனோவுடையது அல்ல. கையெழுத்து என்னுடையது.

1990-களின் கடைசியிலும் அடுத்த பத்து வருஷமும், அமெரிக்க டாக்டர்கள் பேசிப் பதிந்ததை இங்கே நம் பிள்ளைகள் ராத்திரி முழுக்க ஹெட்போனை மாட்டிக்கொண்டு டைப் செய்தார்கள். மெடிக்கல் ட்ரான்ஸ்க்ரிப்ஷன் என்று பெயர். என் தம்பி பெண்ணும் அந்த வேலையில் இருந்தாள். அவள் சொல்வாள்: "பெரியப்பா, காதில் சரியாக விழாத இடத்தில் நாங்களாக எதையும் நிரப்பக் கூடாது. இடம் விட்டு, குறி போட்டு அனுப்ப வேண்டும். அதுதான் முதல் பாடம்." எவ்வளவு நல்ல பாடம்! இப்போது கம்ப்யூட்டரே கேட்டு எழுதுகிறது. அது பல சமயம் இடம் விடுவதில்லை. தனக்குத் தோன்றிய வார்த்தையைப் போட்டுவிடுகிறது. ஆகவே சொல்கிறவரின் பொறுப்பு முன்பைவிட அதிகம்.

அவளும் என் டாக்டர் நண்பரும் சொன்னதைச் சேர்த்துச் சொல்கிறேன். பேச ஆரம்பிக்கும் முன் காகிதங்களை எதிரில் வைத்துக்கொண்டு, கேள்வி என்ன, பதில் என்ன என்று மனதில் ஒரு தடவை ஓட்டிப் பார்க்க வேண்டும். நோயாளியின் பெயரையும் மருந்துகளின் பெயரையும் எழுத்து எழுத்தாகச் சொல்ல வேண்டும். ஹைட்ரலசின் ப்ளட் பிரஷருக்கு, ஹைட்ராக்ஸிசின் அரிப்புக்கு; காதுக்கு இரண்டும் அண்ணன் தம்பி. ஹைப்பர் என்றால் அதிகம், ஹைப்போ என்றால் குறைவு. வேகமாகச் சொன்னால் வித்தியாசம் தெரியாது. "அதிக ரத்த அழுத்தம்" என்று இன்னொரு தடவை விளக்கிச் சொல்லிவிடலாம். ஃபிஃப்டீன், ஃபிஃப்டி குழப்பம் வராமல் இருக்க "ஒன்று ஐந்து", "ஐந்து சைபர்" என்று தனித்தனியாகச் சொல்ல வேண்டும். "நோ அலர்ஜி" என்பதும் "நோன் அலர்ஜி" என்பதும் என்னுடைய நௌவும் நாட்டும் மாதிரிதான். "இவருக்கு எந்த மருந்தும் ஒத்துக்கொள்ளாமல் போனதில்லை" என்று முழு வாக்கியமாகச் சொன்னால் ஆபத்தில்லை. கடைசியாக, படித்துப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட வேண்டும். சில கடிதங்களின் அடியில், சொல்லி எழுதியது, படித்துப் பார்க்கவில்லை என்று ஆங்கிலத்தில் அச்சடித்திருப்பார்கள். அதைப் பார்த்தால் எனக்கு அந்த விதவை ஞாபகம்தான் வரும்.

இதெல்லாம் டாக்டர்கள் செய்ய வேண்டியது, நாங்கள் என்ன செய்வது என்று கேட்பீர்கள். நம்மில் பெரும்பாலோருக்கு வயது அறுபதுக்கு மேல். பிள்ளைகள் பம்பாயிலோ பெங்களூரிலோ அமெரிக்காவிலோ. ஆளுக்கு மூன்று ஸ்பெஷலிஸ்ட். அந்த மூவரும் ஒருவரை ஒருவர் பார்த்ததில்லை. அவர்களை இணைப்பது நம் கையிலிருக்கும் காகிதம் ஒன்றுதான்.

ஆகவே வீட்டில் ஒவ்வொருவருக்கும் ஒரு தாள் தயார் செய்யுங்கள். ஒரு தாள்தான், இரண்டு வேண்டாம். பெயர், வயது, உள்ள நோய்கள், நடந்த ஆபரேஷன்கள் வருஷத்தோடு. மருந்துகளின் மூலப் பெயரும் அளவும். கம்பெனிப் பெயர் ஊருக்கு ஊர் மாறும், மூலப் பெயர் மாறாது. ஒத்துக்கொள்ளாத மருந்து. வழக்கமாகப் பார்க்கும் டாக்டரின் பெயர், போன் நம்பர். மேலே தேதி. மருந்து மாறும்போதெல்லாம் தாளையும் மாற்றுங்கள். அதைப் போட்டோ எடுத்துப் பிள்ளைகளுக்கும் அனுப்பி வையுங்கள். டாக்டரிடம் போகும்போது, இன்று என்ன கேட்கப் போகிறோம் என்பதை அடியில் ஒரே வரியில் எழுதிக்கொண்டு போங்கள்.

ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பும் நாளில் ஐந்து கேள்விகள் கேளுங்கள். பழைய மருந்தில் எதை நிறுத்தினீர்கள்? எந்தத் தேதியில் மறுபடி தொடங்குவது? புதிய மருந்து எத்தனை நாள்? யாரை, எப்போது பார்க்க வேண்டும்? என்ன ஆனால் உடனே ஓடி வர வேண்டும்? ஐந்துக்கும் பதில் காகிதத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் பணிவாகக் கேட்டு எழுதி வாங்காமல் கிளம்பாதீர்கள். டாக்டர் கோபித்துக்கொள்ள மாட்டார், கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை. பிற்பாடு கேஸ் ரெக்கார்டு தேவைப்பட்டால் எழுதிக் கேளுங்கள். நான் சொன்ன 2002 விதிகளின்படி 72 மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும். மூன்று வருஷம் அவர்கள் வைத்திருக்கவும் வேண்டும்.

நம் சமூகத்தில் எத்தனையோ டாக்டர்கள் இருக்கிறார்கள். இந்த உரை அச்சில் வந்தால் பல ஊர்களில் அவர்கள் படிக்கக்கூடும். அவர்களிடம் ஒரு பிரார்த்தனை: நீங்கள் எழுதும் கடிதத்தை, உங்களை நேரில் பார்க்கவே முடியாத ஒரு டாக்டர், நடு ராத்திரியில் படிப்பார் என்று நினைத்துக்கொண்டு எழுதுங்கள்.

அத்திம்பேர் அதற்குப் பிறகு எட்டு வருஷம் இருந்தார். பேச்சு பெரும்பாலும் திரும்பியது. வலது கை திரும்பவில்லை. அச்சு மாதிரி எழுதியவர் பாங்கில் பென்ஷன் வாங்கக் கைநாட்டு வைத்தார். அவர் ஒரு நாளும் என்னைக் குறை சொன்னதில்லை. இடது கையால் எழுதப் பழகி, 2012 தீபாவளிக்கு எனக்கு ஒரு கார்டு போட்டார். எழுத்தெல்லாம் கோணலும் மாணலுமாக இருந்தது. அதில் தன் மருந்துகளின் பெயர், அளவு, வேளை எல்லாவற்றையும் வரிசையாக எழுதி, "சரியா இருக்கா பார்த்துச் சொல்லு" என்று முடித்திருந்தார். இந்தத் தடவை இனிஷியலைப் பார்க்கவில்லை. நாகர்கோவில் டாக்டருக்குப் போன் செய்து, ஒவ்வொரு வரியாகப் படித்துச் சரிபார்த்த பிறகுதான் பதில் எழுதினேன்.